கஜபதி உட்கார்ந்து பார்த்த நாற்காலிகள்

மண்ணூர்பேட்டையில் நாற்காலி வடிவமைத்த ஒருவருக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய கம்பெனியின் பழைய குடோனை இரண்டாகத் தடுத்து, வெள்ளையடித்து, வாசலில் குரோட்டன்ஸ் தொட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் மேசைமேல் பார்வையாளர் புத்தகம் ஒன்று இருக்கும். அதில் மூன்றாவது தாள் இருக்காது. 1995 பிப்ரவரியில், திறப்பு விழா அன்று சாயங்காலமே கிழித்துவிட்டார்கள். கிழிந்த தாளில் இரண்டு கையெழுத்து இருந்தது. ஒன்று கஜபதியுடையது, இன்னொன்று என்னுடையது.

கஜபதி போன வருஷம் போய்ச் சேர்ந்தார். ஐம்பத்தாறு வயது. அவரைப் பற்றி எங்கேயும் ஒரு வரி கிடையாது. நான் அந்தக் கம்பெனியில் பதினேழு வருஷம் டைப்பிஸ்டாக இருந்தவள், கண்டவன் புகழையெல்லாம் அடித்துக் கொடுத்தவள். இதையும் அடித்துவிட்டுப் போகிறேன்.

கஜபதி கள்ளிக்குப்பத்துக்காரர். அப்பா அந்தப் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தவர். வயலெல்லாம் பிளாட் ஆன பிறகு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மூட்டை தூக்க வந்தார். ஆறடி உயரம், நூற்று நான்கு கிலோ. 1979இல் எங்கள் கம்பெனிக்கு லோடு ஏற்ற வந்தவர், சாப்பாட்டு இடைவேளையில் புது மாடல் நாற்காலி ஒன்றில் ஏறி உட்கார்ந்து அதை இரண்டாகப் பிளந்துவிட்டார். கீழே கிடந்த சாம்பாரோடு சேர்த்து அவரையும் வெளியே தள்ளப் போனான் மேஸ்திரி. அப்போது பார்த்தசாரதி வந்தார்.

பார்த்தசாரதிதான் அந்த வடிவமைப்பாளர். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து, ஒயர் பின்னிய தேக்கு நாற்காலிகள் செய்து பேர் வாங்கியவர். உடைந்ததைப் பார்த்து அவர் கோபப்படவில்லை. "எப்படிப்பா உடைஞ்சது?" என்று கேட்டார்.

"சார், எம்மேல தப்பு இல்ல சார். பின்னால சாயசொல்ல பின்னங்கால் ரெண்டும் வெளிய வாங்கிக்கினு பூட்சி. அத்தோட முதுகாண்ட கட்ட ஒண்ணு குத்துது. ஒல்லியா கீறவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிச்சி."

மறுநாளிலிருந்து கஜபதியின் வேலை உட்காருவது. கேட்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்திருக்கிறேன். உட்கார வேண்டும், சாய வேண்டும், இடப்பக்கம் திரும்ப வேண்டும், வலப்பக்கம் திரும்ப வேண்டும், எழுந்திருக்க வேண்டும். ஒரு மாடலுக்கு இரண்டாயிரம் தடவை. சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே நாலு நாளில் முடிப்பார். அப்புறம் ஒரு சீட்டு எழுதுவார். அஞ்சாங்கிளாஸ் படிப்பு, எழுத்து ஒவ்வொன்றும் எலுமிச்சம்பழம் சைஸில் இருக்கும். குறை என்ன என்று எழுதி, அதன் கீழ், "வெளியே அனுப்பலாம்" அல்லது "வெளியே அனுப்பக் கூடாது".

அந்தச் சீட்டுக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். கஜபதியுடையது ஒன்று, ஆபீஸ் சார்பில் என்னுடையது ஒன்று. நான் நாற்காலியையும் பார்க்க மாட்டேன், சீட்டையும் படிக்க மாட்டேன். மத்தியானம் கொண்டுவந்து வைப்பார், டைப் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் போட்டுவிடுவேன். அதே மாதிரி சம்பள ரசீது, லீவு பாரம், பி.எஃப். தாள் என்று நான் எதை நீட்டினாலும், பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் அவர் போட்டுவிடுவார். "நீ குடுத்தா சரியாத்தான் இருக்கும் வனஜாம்மா" என்பார். பதினாலு வருஷம் எங்கள் இருவருக்கும் நடுவில் இப்படியே ஓடியது. இதைப் பெரிய நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கஜபதியைக் குடோன் தராசில் ஏற்றி எடை பார்ப்பார்கள். நூறு கிலோவுக்குக் கீழே போகக் கூடாது, போனால் சோதனை செல்லாது. அதற்காகக் கேன்டீனில் தினமும் அரை லிட்டர் பாலும் ஆறு வாழைப்பழமும். 1986இல் சர்க்கரை வந்து, இருபது கிலோ குறைக்கச் சொன்னார் டாக்டர். பாவம், பாலை நிறுத்திப் பார்த்தார். தொண்ணூற்றேழுக்கு வந்தார். உடனே ஆபீஸிலிருந்து அவருக்கு ஒரு மெமோ போனது, எடையைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று. அதை அடித்தவள் நான்தான். இரண்டு காப்பி. சந்தைக்குப் போகிற மாட்டுக்குக்கூட இப்படி எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை, டைப்பில் தப்பில்லாமல் வந்ததா என்றுதான் பார்த்தேன்.

பார்த்தசாரதிக்கு இதெல்லாம் தெரியாது என்று சொல்லி அவரைக் காப்பாற்ற எனக்கு மனசு வரவில்லை. தெரியும். டீயை உறிஞ்சிக்கொண்டு பக்கத்திலேயே நின்று பார்ப்பார். கஜபதி சொன்னதைக் கேட்டுக் கேட்டுத்தான் அவருடைய நாற்காலிகள் நாலு ஊரில் பேர் வாங்கின. பேர் வந்தபோது அது ஒருவருக்குத்தான் வந்தது. ஆனால் கஜபதிக்கு அவர் ஒன்று செய்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

1989 வாக்கில் கஜபதியின் முழங்கால்கள் தேய்ந்துபோயின. ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை எழுந்து உட்கார்ந்தால் தேயாமல் என்ன செய்யும்? வலது கால் சுத்தமாக மடங்காது. தானாக எந்த நாற்காலியிலிருந்தும் எழ முடியவில்லை. சோதனையின்போதும் ஒரு பையன் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டியிருந்தது. பார்த்தசாரதி ஒரு வாரம் சணல் கயிறு வைத்து அவரை அளந்தார். பிறகு தேக்கில் ஒரு நாற்காலி செய்து, 1990 ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் வைத்து அவர் வீட்டுக்கே அனுப்பினார். உட்காருமிடம் உயரம். இடது பக்கத்துக் கை, வலது பக்கத்தைவிட ஒன்றரை அங்குலம் உயரமாக, முன்னால் நீண்டிருக்கும். அதைப் பிடித்து அழுத்தினால் கஜபதி யார் உதவியும் இல்லாமல் எழுந்து நிற்பார். பார்ப்பதற்குக் கோணல். ஆனால் கம்பெனி செய்த அத்தனை நாற்காலிகளிலும் ஒருவன் நன்றாக இருக்க வேண்டும் என்று செய்தது அது ஒன்றுதான்.

1992இல் பார்த்தசாரதி இறந்தார். மருமகன் இராமகிருஷ்ணன் கம்பெனியை எடுத்துக்கொண்டார். அடுத்த வருஷம் சோதனைக்கு ஒரு மெஷின் வந்தது, கஜபதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் அவரும் மனைவி கண்ணம்மாவும்தான். கண்ணம்மா நாற்பது கிலோ இருந்தால் அதிகம். காலை ஆறு மணிக்கு அம்பத்தூரில் நாலு வீட்டு வேலைக்குக் கிளம்பினால் ஒரு மணிக்குத்தான் திரும்புவாள். போவதற்கு முன்னால் கட்டிலிலிருந்து கையைப் பிடித்து இழுத்து அவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிடுவாள். அதற்கப்புறம் அவருக்கு யாரும் தேவையில்லை. எழுவார், சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போவார், தண்ணீர் குடிப்பார், வாசலில் நின்று போகிறவர் வருகிறவரைக் கூப்பிட்டுக் கதை பேசுவார். நாற்காலி இல்லாவிட்டால் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஒன்றுக்குப் போகவும் அடக்கிக்கொண்டு, அவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

1994 நவம்பரில் இராமகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் அடிக்கச் சொன்னார். கஜபதியாகிய நான், என்னிடமுள்ள நாற்காலியை அருங்காட்சியகத்துக்கு மகிழ்ச்சியோடு நிரந்தர நன்கொடையாக அளிக்கிறேன் என்று.

"சார், அவருக்கு அது வேணுமே?"

"பிளாஸ்டிக் சேர் ஒண்ணு அனுப்பிடலாம்மா. நீ போய்ச் சொல்லு, மூணு வாரத்துக்குத்தான், திறப்பு விழா முடிஞ்சதும் வந்துடும்னு. சும்மா அவரைக் குழப்பிக்கிட்டு இருக்க வேண்டாம்."

கம்பெனியில் ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று அப்போது பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கடிதத்தை அடித்தேன். கம்பெனி வண்டியில் கள்ளிக்குப்பம் போனேன். கஜபதி அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அதன் இடது கையை அழுத்தி எழுந்து, "வா வனஜாம்மா, குந்து" என்று அதையே எனக்குக் காட்டினார். மூன்று வாரம் என்றேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டுத் தாளை நீட்டினேன். படிக்காமல் போட்டார். அதன் கீழே சாட்சியாக நானும் போட்டேன். கண்ணம்மா எனக்குக் காபி கலந்து கொடுத்தாள். அதையும் குடித்தேன்.

அனுப்பிய பிளாஸ்டிக் நாற்காலி இரண்டாம் நாளே காலைப் பரப்பிக்கொண்டு படுத்துவிட்டது. மூன்று வாரம் போயிற்று, பொங்கலும் போயிற்று. பிப்ரவரியில் விழா என்று தெரிந்ததும், "முடிஞ்சதும் கையோட எட்த்துகினு வந்துர்லாம்" என்று இருவரும் ஆட்டோ பிடித்து வந்துவிட்டார்கள். கஜபதி சலவை வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டிருந்தார். வாசலிலேயே சொல்லியிருக்க வேண்டும். "வாங்கண்ணே" என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன்.

முதல் அறையில் பார்த்தசாரதியின் மூக்குக்கண்ணாடி, பென்சில், டீ குடித்த கோப்பை. அவர் கழற்றிப் போட்ட செருப்புக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் ஒரு குட்டி விளக்கு. பத்துப் பன்னிரண்டு நாற்காலிகளை மேடைமேல் ஏற்றிச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். எல்லாவற்றிலும் "உட்காரக் கூடாது" என்று அட்டை. நாற்காலிக்காகவே கட்டிய அந்த இடத்தில் ஒரு நொண்டி மனுஷன் உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. கஜபதி என் தோளில் பாரத்தைப் போட்டுக்கொண்டே நடந்தார்.

மூலையில் அந்தச் சோதனை மெஷின் நின்றது. பார்த்தசாரதியின் நாற்காலி ஒவ்வொன்றும் இதில் பத்தாயிரம் முறை சோதிக்கப்பட்டது என்று எழுதியிருந்தது. பார்த்தசாரதி செத்து ஒரு வருஷம் கழித்து வந்த மெஷின் அது. இரண்டே மாதத்தில் மோட்டார் புகைந்து நின்றுபோனது. பக்கத்தில் பெரிய போட்டோ ஒன்று, நாற்காலியில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார், கழுத்துக்கு மேலே படத்தில் இல்லை.

கண்ணம்மா கிட்டே போய்ப் பார்த்தாள். "யோவ், இது உன் பேண்ட்டுயா. முட்டியாண்ட நாந்தான் ஒட்டுப் போட்டேன், பச்ச நூல்ல."

"ஆமா" என்றார் கஜபதி. "தல எங்க?"

கண்ணம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையை வெட்டிவிட்டுப் படத்தை மாட்டியவர்கள் என்ன ஜென்மங்கள் என்று நினைத்தேன். அந்த ஜென்மங்களில் நானும் ஒருத்தி.

இரண்டாவது அறையின் நடுவில் அவருடைய நாற்காலி. புது வார்னிஷ் பளபளத்தது. வந்திருந்த பெரிய மனிதர்கள் கையில் ஜூஸ் டம்ளரோடு அதைச் சுற்றி நின்றார்கள். பார்த்தசாரதி தம் கடைசிக் காலத்தில் தமக்கென்று செய்துகொண்ட நாற்காலி என்று அட்டை சொன்னது. கஜபதி அட்டையைப் பார்க்கவில்லை. வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா கண்ணம்மா, எடது கை எறங்கிக் கீது?"

நானும் பார்த்தேன். இரண்டு கைகளும் ஒரே உயரம், ஒரே நீளம். ரம்பம் போட்ட இடத்தில் மெழுகு வைத்துத் தேய்த்திருந்தார்கள்.

இராமகிருஷ்ணன் சிரித்த முகமாக வந்தார். "வாங்க கஜபதி. மாமாவோட டிராயிங் அலமாரியில கிடைச்சது. அதுல ரெண்டு கையும் ஒரே அளவு. தச்சன் அப்ப தப்பா செஞ்சிருக்கான். நாங்க சரிபண்ணிட்டோம்."

"அது மொதல்ல போட்ட படம் சார். அப்பால சாரு கயிறு வெச்சி என்ன அளந்தாரு." "தோ, ஒரு தபா குந்திப் பாக்கறன்."

"ஐயோ, உட்காரக் கூடாதுப்பா. மியூசியம்."

கண்ணம்மா சிவப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றிக் கீழே போட்டாள். கஜபதி என் தோளை அழுத்தி மேடைமேல் ஏறினார், திரும்பினார், உட்கார்ந்தார். சாய்ந்தார். இடப்பக்கம் திரும்பினார், வலப்பக்கம் திரும்பினார். பதினாலு வருஷப் பழக்கம். இடது கையை அழுத்தினார், எழ முடியவில்லை. மறுபடி அழுத்தினார், கால் நடுங்கி முகம் வியர்த்தது. மூன்றாவது தடவை அரையடி எழுந்து தொப்பென்று விழுந்தார். இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்த யாரோ ஒரு அறிவுகெட்டவர் கை தட்டினார். பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். போட்டோகிராபர் பளிச்சென்று ஒரு படம் எடுத்தான்.

கடைசியில் வாட்ச்மேன்கள் இரண்டு பேரும் டிரைவரும் நானும் சேர்ந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். சலவை வேட்டி அவிழ்ந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் கண்ணம்மா அதைச் சுற்றிக் கட்டிவிட்டாள். கஜபதி கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"இத்த எப்ப சார் ஊட்டுக்கு அனுப்புவீங்க? கைய நாங்களே ஒட்டிக்கிறோம்" என்றாள் கண்ணம்மா.

இராமகிருஷ்ணன் ஃபைலை எடுத்து வரச் சொன்னார். கடிதத்தைக் காட்டி, "நிரந்தர நன்கொடைம்மா. அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். பாருங்க" என்றார்.

கஜபதி தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது, கையெழுத்து தெரியும்.

"என்துதான்" என்றார். பிறகு கீழே விரல் வைத்து, "இது உன்துமா" என்றார்.

"தெரிஞ்சேதான் போட்டேண்ணே" என்றேன். கண்ணம்மா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தைரியமில்லை. காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன்.

கஜபதி திட்டவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வாசலுக்கு நடந்தார். பார்வையாளர் புத்தகம் திறந்திருந்தது. முதல் இரண்டு தாளும் தலைமை விருந்தினர்களின் பாராட்டு. மேதை, கலைஞன், மனிதநேயம் என்று என்னென்னவோ. கஜபதி தாளைத் திருப்பிப் புதுப் பக்கத்தில் எழுதத் தொடங்கினார். நின்றபடி, மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக. எழுதி முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. கையெழுத்துப் போட்டார். தேதி போட்டார். புத்தகத்தை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

"ரெண்டாவது கையெய்த்து வேணும்மா."

பின்னால் இராமகிருஷ்ணன், "வனஜா, என்னம்மா இது? அதை மூடு" என்றார். குரலை உயர்த்தவில்லை. மூடாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், மறுநாள் அதுதான் ஆயிற்று. கஜபதிக்கும் அதற்கப்புறம் நல்லது ஒன்றும் நடந்துவிடவில்லை. நான் தச்சனை வைத்துச் செய்து அனுப்பிய நாற்காலியைக் கண்ணம்மா வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவர் இரண்டு வருஷம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவள் திரும்பி வரும் ஒரு மணி எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பேனாவை வாங்கிக்கொண்டேன். அவர் எழுதியதை முதல் தடவையாக, ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

"இடது கை ஒன்றரை அங்குலம் கம்மி. உட்காரலாம். எழுந்திருக்க முடியாது. வெளியே அனுப்பக் கூடாது."

படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன்.